அன்றைக்கு என் மைக் கெட்டுப்போகவில்லை

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் பயத்தில் விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. அன்றைக்கு என் மைக் கெட்டுப்போகவில்லை. ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருந்தது. ஒயர் நன்றாக இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் நன்றாக இருந்தன. ஆரோக்கியமேரி படித்தது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மாடிப்படியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. அவர் பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார், அதையும் பார்த்தேன்.

நம்முடைய எழுத்தாளர் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். "நீங்க மைக் செட் போட்ட காலத்து அனுபவத்த எழுதிக் குடுங்கண்ணா. முதல் ஞாயித்துக்கிழம கூட்டத்துல நீங்களே படிக்கலாம்" என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இத்தனை வருஷக் கூட்டங்களில் படித்ததையெல்லாம் தொகுத்து வட்டம் புதிதாகப் போட்டிருக்கிற மலரையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழவழப்பான அட்டை, அட்டையில் செஞ்சி ராஜகிரி மலை. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் பெயர் எங்கே என்று தேடினேன்.

என் பெயர் இருந்தது. ‘ஒலிபெருக்கி உதவி’ என்று போட்டிருந்தார்கள். சரி. நான் எழுதிய கட்டுரை ஒன்றும் இருந்தது. அதுவும் சரி. அடுத்த பக்கத்தில் ஆரோக்கியமேரி பெயர். அதற்குக் கீழே கதை இல்லை. ஒரே ஒரு வரி. ‘ஒலிபெருக்கி பழுதானதால் இவரது படைப்பு அவையோருக்குக் கேட்கவில்லை. எனவே இம்மலரில் இடம்பெறவில்லை.’

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி சரோஜா வந்து பார்த்தாள்.

"இன்னா, தட்டுல போட்டது அப்படியே இருக்குது?"

"என் மைக் கெட்டுப்போச்சின்னு அச்சடிச்சி வெச்சிருக்கானுங்க."

"எப்போ?"

"அது எத்தினியோ வருஷம் முன்னாடி."

"அப்ப கெட்டுப்போனதுக்கா இப்ப சோத்த ஆற உடுற?"

"கெட்டே போவலடி!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நான் கத்துகிறவன் இல்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறவன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு உங்கள் முன்னால் இவ்வளவு பேசுகிறேன் என்றால் வயிறு எந்த அளவுக்கு எரிந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வல்லத்துக்குப் பக்கத்தில் நைனாவுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற துண்டு நிலம் ஒன்று இருந்தது. அதில் நாங்கள் ஐந்து பேர் சாப்பிட முடியாது. செஞ்சியில் ஒரு மைக் செட் கடையில் கொண்டுவந்து விட்டார். முதலாளி அதிகம் பேச மாட்டார். ஒயரை முறுக்கு விழாமல் சுற்றுவது, சவுக்குக் கம்பத்தில் ஏறி ஹாரன் என்கிற கூம்பு ஸ்பீக்கரைக் கட்டுவது, மைக் கூவினால் எந்தத் திருகைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது, இதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வாயைத் திறந்து அவர் சொன்னது ஒன்றுதான். "மலைய பாத்து ஹாரன் கட்டாத." கட்டினால் பேச்சு பாறையில் மோதித் திரும்பி வரும். பேசுகிறவர் தான் பேசியதையே மறுபடி கேட்டுத் தடுமாறிப்போவார். செஞ்சியில் மூன்று பக்கமும் மலை. ஹாரனுக்கு இடம் பார்ப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

பிறகு அவருக்கு வயதாகி, செட்டை எனக்கே கொடுத்துவிட்டார். நான் தனியாகப் போட்ட முதல் பெரிய வேலை சீயமங்கலம் பக்கத்தில் ஒரு ஊரில் கும்பாபிஷேகம். மேலே கலசத்தில் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள், கீழே ஜனம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மைக்கில் ஒருவர் "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்துக்குக் கரண்ட் போனது. மேளம் எப்போது அடிப்பது என்று மேளக்காரருக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றியது பாதி ஜனத்துக்குத் தெரியவில்லை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்து, "உன்ன நம்பி ஊரே நின்னுச்சேடா" என்றார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றிலிருந்து நான் பேட்டரி இல்லாமல் செட் போட்டதே இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்புறம் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு திருகு இருக்கும். லாரி பேட்டரியிலிருந்து அதற்கு ஒயர் கொடுத்துவிட்டால், கரண்ட் போனதும் செட் தானாகவே பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். ‘டுக்’ என்று சின்னதாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சாவு வீடோ கல்யாண வீடோ, ஐந்து நிமிஷ வேலையோ ஐந்து நாள் வேலையோ, பேட்டரி என்னோடு வரும். பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும்.

எழுத்தாளர் வட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டது தணிகாசலம் சார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டத்தை ஆரம்பித்தவரும் அவர்தான், தலைவரும் அவர்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டின தெருவில், டைப் இன்ஸ்டிடியூட் இருந்து மூடிப்போன மாடி ஹாலில் மாதம் ஒரு தடவை கூட்டம். வருவது நாற்பது பேர். அதற்கு எதற்கு மைக் என்று நினைப்பீர்கள். கீழே பஸ் ஹாரன் அடித்தால் ஜன்னல் கண்ணாடி ஆடும். மைக் இல்லாவிட்டால் இரண்டாவது வரிசையில் இருப்பவருக்கு வாயசைவு மட்டும்தான்.

சாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ பகையில் எழுதுவதாக நினைத்துவிடுவீர்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லாருக்கும் முன்னால் வருவார். வந்ததும், "சாப்டியா ஏழுமலை?" என்று கேட்பார். நான் சாப்பிடவில்லை என்றால் கூட்டம் தொடங்காது. யார் எதைப் படித்தாலும், எவ்வளவு மோசமாகப் படித்தாலும், கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே கேட்பார். படித்து முடித்ததும் இரண்டு வரி பாராட்டுவார். அந்த இரண்டு வரிக்காகவே வல்லத்திலிருந்தும் மண்டகப்பட்டிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் இருந்தார்கள்.

ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து கேட்ட பிறகு எனக்கும் கை அரித்தது. அந்தக் கும்பாபிஷேகக் கதையை எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். கொடுக்கப் பயம். சார் எப்படியோ கண்டுபிடித்து வாங்கிப் படித்துவிட்டு, என்னையே மைக் முன்னால் நிறுத்தினார். என் மைக்கை நானே பிடித்துப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. முடித்ததும் சார் சொன்னார். "பள்ளிக்கூடம் பாதியில் விட்டவன் எழுதினால்தான் எழுத்து இப்படி உயிரோடு இருக்கிறது." அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சரோஜாவிடம் அதை எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது வட்டத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஒருவருக்குப் பத்து நிமிஷம். ஆனால் எழுதுகிறவர்களுக்கு நேரம் தெரியாது. துண்டுச் சீட்டு கொடுத்துப் பார்த்தார்கள். சீட்டை வாங்கித் தாளுக்கு அடியில் செருகிக்கொண்டு தொடர்ந்து படித்தார்கள். வாய் திறந்து "போதும்" என்று சொல்ல சாருக்கு மனசு வராது. அதனால் எனக்கும் அவருக்கும் ஒரு ஏற்பாடு. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தால் நான் சவுண்டை மெதுவாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக இல்லை. மைக்குக்கு உடம்பு சரியில்லாததுபோல. படிக்கிறவர் மைக்கைத் தட்டிப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், நானும் ஒயரை ஆட்டிப் பார்ப்பேன். சார் எழுந்து, "ஒலிபெருக்கியில் சிறு கோளாறு, இருந்தாலும் அருமை, அருமை" என்று கைதட்டுவார். படித்தவருக்கு அவமானம் இல்லை. கேட்டவர்களுக்கு விடுதலை. யார் மனசும் நோகவில்லை.

என் மனசைத் தவிர. மாதாமாதம் நாற்பது பேர் முன்னால் என் செட் கோளாறு ஆனால் ஊர் என்ன பேசும்? ஒரு கல்யாண வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். "எழுத்தாளர் கூட்டத்துல உன் மைக்கு அடிக்கடி புட்டுக்குதாமே" என்றார். நான் என்ன சொல்வது? இது மரியாதைக்காகச் செய்கிற கோளாறு என்றா? முழுங்கிக்கொண்டேன். சாருக்காக முழுங்கினேன். நேரம் மீறினவர்களுக்குத்தானே என்று முழுங்கினேன்.

ஆரோக்கியமேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிற பெண். வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வருவாள். ஆறேழு மாதம் கடைசி வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவாள். சார் அவளைப் பார்த்தால், "வாங்கம்மா, நீங்களும் எழுதுங்க" என்று சொல்லுவார். ஒரு மாதம் சரி என்று பெயர் கொடுத்தாள்.

அன்றைக்கு நான் வழக்கம்போல பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மல்லாட்டைக் காட்டைப் பற்றிக் கவிதை எழுதும் பச்சையப்பன் அண்ணன் படியில் நின்றிருந்தார்.

"இன்னா ஏழுமல, லாரிய கீழ உட்டுட்டு பேட்டரிய மட்டும் தூக்கினு வந்துட்டியா?"

"கரண்ட் போனா இன்னாண்ணா பண்றது?"

"போனா நல்லதுடா. ரெண்டு கவிதையாவது கொறையும்."

பேட்டரியை மேசைக்கு அடியில் வைத்தேன். யார் வேட்டியிலாவது ஆசிட் பட்டுவிடுமோ என்று எப்போதும் ஒரு பயம், அதனால் மேலே துணி போட்டு மூடினேன்.

மேரியின் முறை வந்தது. அவள் மைக்குக்கு ரொம்பக் கிட்டே நின்றாள். நான் சைகை காட்டினேன், கொஞ்சம் பின்னால் போனாள். தாளை விரித்துப் படிக்கத் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை.

அவள் எழுதியிருந்தது ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி. நான்காவது படிக்கிற பெண். காலையில் பிரேயர் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குப் போவார்கள், அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போவாள். பள்ளிக்கூடத்துப் பம்பிலிருந்து தலைமையாசிரியர் வீட்டுக்குத் தண்ணீர். அவர் மனைவிக்குக் கால் வலி. தொட்டி நிறைகிற வரைக்கும் நடக்க வேண்டும். பம்பு அடிக்கும்போது வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவது கேட்கும். பம்பு சத்தத்துக்கு நடுவில் கேட்டதை வைத்தே அவள் வாய்ப்பாடு கற்றுக்கொள்கிறாள்.

சார் வழக்கம்போல கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. நல்ல எழுத்து வந்தால் அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்.

மேரி படித்தாள். "அந்த வீட்டு வாசலில் நீலக் கேட். உள்ளே கொய்யா மரம். கீழே விழுந்த பழத்தை எடுத்துக்கலாம், மரத்தில் இருக்கிறதைத் தொடக்கூடாது."

விரல் நின்றது. கண் திறந்தது.

நான் அதைப் பார்த்தேன். மேசை பக்கவாட்டில் இருந்ததால் எனக்கு சாருடைய முகம் நேராகத் தெரியும். அவர் மேரியைப் பார்த்தார். ஆறேழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையில் வைத்தார்.

என் கை சவுண்டுத் திருகுக்குப் போனது. பழக்கம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் தொடங்கிப் பாதி நேரம்கூட ஆகவில்லை. ஏற்பாடு நேரம் மீறினவர்களுக்குத்தானே? கை திருகின்மேலேயே இருந்தது. திருப்ப வரவில்லை. நான் வீரமாக எதையும் செய்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சார் சொன்னதை நான் செய்யாமல் இருந்ததே இல்லை.

நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சார் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார். மறுபடி பையில் வைத்தார். நான் ஆம்ப்ளிஃபயரில் எரிகிற சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் பக்கத்திலிருந்த செயலாளர் குமரவேலைப் பார்த்தார். குமரவேல் எழுந்து சுவர் ஓரமாகவே நடந்து போய், குனிந்து, என் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

‘டுக்’ என்றது.

மேரியின் குரல் நிற்கவில்லை. குமரவேல் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். மறுபடி சுவரில் குத்தி, மறுபடி பிடுங்கினார். ‘டுக்’, ‘டுக்’. மேரி படித்துக்கொண்டே இருந்தாள். மாதாமாதம் நான் அந்தப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்த மனுஷன்தான். அவசரத்தில் மறந்துபோனார். நிஜத்தைச் சொன்னால் எனக்கே அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

பின்னாலிருந்து பச்சையப்பன் அண்ணன் குரல் வந்தது. "இன்னா குமரவேலு, செல்லுக்கு சார்ஜ் போடறியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் மேரியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தாள். அந்த வருஷம் முடிந்து தலைமையாசிரியர் பெண்ணின் நைனாவைக் கூப்பிட்டனுப்புகிறார். ‘உன் பொண்ணுக்குப் படிப்பு வரவில்லை, வேற வேலைக்கு அனுப்பு’ என்கிறார். நைனா கும்பிட்டுவிட்டு வருகிறார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மேரி தாளைக் கீழே இறக்கிவிட்டு, பார்க்காமலே சொன்னாள். "எட்டாம் வாய்ப்பாடு எனக்கு இன்னைக்கும் தெரியாது. அது நடத்துன அன்னைக்கு அவங்க வீட்டுல விசேஷம், தொட்டிய ரெண்டு தடவ ரொப்ப வேண்டியிருந்துச்சு. படிப்பு வரலன்னு சொன்னாரு. படிப்பு வந்துச்சு. நான்தான் அங்க இல்ல."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சார் எழுந்தார். இரண்டு வரி பாராட்டுவதற்கு எழுவாரே, அதேபோல. அதே குரல். "ஒலிபெருக்கியில் சிறு கோளாறு. சரியாகக் கேட்கவில்லை. அடுத்து நம்முடைய பச்சையப்பன் கவிதை வாசிப்பார்."

நாற்பது பேர் காதில் விழுந்ததை ஒருவர் எழுந்து விழவில்லை என்கிறார். அந்த நாற்பது பேரும் எழுதுகிறவர்கள். அநியாயத்தைப் பற்றி எழுதியே கை தேய்ந்தவர்கள். ஒரு மாதம்கூட அநீதியைச் சாடாமல் கூட்டம் முடிந்ததில்லை. அன்றைக்கு ஒருவர்கூட, "கேட்டுச்சு சார்" என்று சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்கள். மடியிலிருந்த தாளைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்று, "சார், மைக் நல்லாத்தான் இருக்குது" என்றேன். என் கையில் மைக் இல்லை. என் குரல் பஸ் ஹாரனில் போய்விட்டது. சாருக்கு மட்டும் கேட்டது. புன்னகையோடு சொன்னார். "பரவாயில்லை ஏழுமலை. மெஷின் என்றால் கெட்டுப்போவதுதான்."

கூட்டம் முடிந்து நான் சாமானைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது மேரி படியில் காத்திருந்தாள்.

"அண்ணே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சிம்மா. கடைசி வரைக்கும் கேட்டுச்சி."

"அப்ப ஏன் கேக்கலன்னாரு?"

நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பச்சையப்பன் அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். "உடும்மா. அந்தக் காலத்துல வாத்தியார் வூட்டுக்குத் தண்ணி தூக்காத புள்ள உண்டா? எல்லாம் வழக்கம்தான்."

"வாத்தியார் புள்ள தூக்கலியே" என்றாள் மேரி. அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

"அவருதான்னு தெரிஞ்சேதான் வந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிதான். என்ன பாத்தா ஞாபகம் வருமான்னு மாசாமாசம் வந்து உக்காந்தேன். ‘வாங்கம்மா, எழுதுங்க’ன்றாரு. செரி, எழுதியே ஞாபகப்படுத்துவோம்னு எழுதுனேன்."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எனக்கும் அழைப்பு வரவில்லை. "செட்டைக் கொஞ்சம் சர்வீஸுக்கு விடு ஏழுமலை" என்று சார் அன்பாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் குமரவேல் புதிதாக ஒரு புளூடூத் பெட்டி வாங்கி வைத்தாராம். நான் இன்னும் சில வருஷம் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று போட்டேன். முட்டி தேய்ந்து கம்பம் ஏற முடியாமல் போனதும் நிறுத்திக்கொண்டேன். பேட்டரி விஷயத்தை யாரிடமும் பேசவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். அவள் படித்தாள், எல்லாரும் கேட்டார்கள், வாயால் இல்லை என்றாலும் காது அறியும் என்று நினைத்தேன்.

இப்போது அச்சில் வந்துவிட்டது. வாயால் சொன்னது காற்றில் போகும், அச்சில் வந்தது நிற்கும். நாளைக்கு இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் மலரைப் புரட்டினால் ஆரோக்கியமேரி என்று ஒருத்தி ஏதோ படித்தாள், யாருக்கும் கேட்கவில்லை, ஏழுமலையின் ஓட்டை மைக்குதான் காரணம் என்றுதானே நினைப்பார்கள்? மரியாதைக்காக ஒரு காலத்தில் சொன்ன பொய்யை வைத்து ஒரு பொம்பளையின் கதையையே புதைக்கலாம் என்றால் அந்த மரியாதை எதற்கு?

குமரவேல் சார், நீங்கள் இப்போது தலைவர். மலரைத் தொகுத்ததும் நீங்கள். இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய கை உங்கள் கை. பிடுங்கிய பிறகும் கேட்டது என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எந்தக் கையால் அந்த வரியை எழுதினீர்கள்?

இதை எழுத உட்காரும் முன்னால் மலரை எடுத்துக்கொண்டு மேரியின் தையல் கடைக்குப் போனேன். வழியெல்லாம் பயம். அவள் மறந்துவிட்டிருந்தால்? நான் போய்க் கிளறி அவள் அழுதுவிட்டால்? அவள் ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டு அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். அழவில்லை.

"ஏண்ணே, கேட்டுச்சின்னுதான நீ சொன்ன?"

"கேட்டுச்சிம்மா. சத்தியமா கேட்டுச்சி. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. என் மைக்க கெட்டுப்போச்சின்னு..."

"உன் மைக்க உடுண்ணே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம்தான். "கேட்டவங்க அத்தன பேரும் கேக்கலன்னு எழுதிட்டா, நான் படிக்கவே இல்லன்னு ஆயிடுது. அப்ப திரும்பப் படிக்கணும். அவ்வளவுதான?"

"அவங்க உடுவாங்களா?"

"நீ படிக்கப் போறல்ல? நீ முடிச்சிட்டு மைக்க என் கையில குடு."

நான் யோசித்தேன். யோசிக்கிறதுதான் என் வேலை. சார் இப்போதும் முதல் வரிசையில் வந்து உட்காருகிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காதுக்கு மெஷின் போட்டிருக்கிறார் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். மேரியிடம் அதைச் சொன்னேன். பெரியவர், உடம்பு முடியாதவர், ஏதாவது ஆகிவிடப் போகிறது என்றும் சொன்னேன். அவள் அந்த யூனிஃபார்ம் பாவாடையை மெஷினுக்குக் கீழே மறுபடி வைத்தாள்.

"காது சரியா கேக்காதா?"

"மெஷின் போட்டாதான் கேக்குமாம்."

"அப்ப சவுண்டு கொஞ்சம் தூக்கலா வெய்யிண்ணே" என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினாள்.

இதோ, நான் படித்து முடிக்கப் போகிறேன். புளூடூத் பெட்டியைக் காலையிலேயே ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். இப்போது உங்களுக்குக் கேட்டுக்கொண்டிருப்பது என்னுடைய பழைய செட். பிளக் அதே சுவரில் இருக்கிறது. யாருக்காவது எழுந்து போக வேண்டுமென்றால் போகலாம். மேசைக்கு அடியில் துணி போட்டு மூடியிருப்பது என்ன என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். நேற்றே முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டேன். இறங்கியிருக்குமோ என்று வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி ஒரு தடவை பார்த்தேன். இறங்கவில்லை.

வாம்மா மேரி. மைக்குக்கு ரொம்பக் கிட்டே நிற்காதே.